இணையமின்றி ஓர் இணையதளம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல் மாணவன்

இணையதளம் என்ற சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். ஆனால் அது எங்கே இருக்கிறது என்று யாரேனும் கேட்டால் நம்மில் சிலர் வானத்தைக் காட்டுவர். சிலர் செல்பேசிக் கோபுரத்தைக் காட்டுவர். உண்மையில் இணையதளம் என்பது, எங்கோ ஓர் அறையில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறியொன்றின் வட்டில் கிடக்கும் கோப்புகளேயாகும். நாம் முகவரியைத் தட்டியதும் அக்கணிப்பொறி கேட்ட பக்கத்தை எடுத்து அனுப்புகிறது. நம் பிரவுசர் அதை ஒழுங்குபடுத்திக் காட்டுகிறது. அனுப்பி வைக்கும் பணியைச் செய்வதற்கு சர்வர் என்று பெயர். அந்தக் கோப்புகளும் சர்வரும் நம் மேசைமீதே இருந்துவிட்டால் என்ன ஆகும்? இணையத் தொடர்பு சிறிதும் இல்லாமலேயே ஓர் இணையதளம் நம் கண்முன் இயங்கும்.

இது வேடிக்கைக்காகச் சொல்வதன்று. திறமூல மென்பொருள்களை உருவாக்குவோர் அன்றாடம் செய்யும் வேலைதான் இது. பைத்தான் மொழியின் கையேட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதை விளக்க முற்படுகிறேன்.

பைத்தானைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அது நம் பாடத்தில் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் வாரத்திற்குச் சில மணி நேரமே கணிப்பொறி நம் கைக்கு வருகிறது. வீட்டிற்குப் போனால் எங்கள் ஊரில் மொட்டைமாடியின் கிழக்கு மூலையில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். இரவு பத்து மணிக்கு ஓர் ஐயம் எழுந்தால் அண்ணனைக் கேட்கலாம், அக்காளைக் கேட்கலாம் என்ற நிலை எல்லார்க்கும் இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். என்னைப் போன்றோர்க்கு ஆசிரியர்க்கு அடுத்தபடி கையேடுதான் துணை. அந்தக் கையேடு சிக்னல் உள்ள மூலையில் மட்டும் கிடைக்கும் பொருளாக இருத்தல் கூடாது.

கட்டுச்சோறும் தோசையும்

இணையதளங்கள் இருவகைப்படும். ஓட்டலில் தோசை கேட்டால் அப்பொழுதுதான் கல்லில் மாவை ஊற்றுவார்கள். ரயில் முன்பதிவு, வங்கிக் கணக்கு, தேர்வு முடிவு போன்ற தளங்கள் இவ்வகை. நாம் கேட்ட பிறகு, நமக்கென்று, தரவுத்தளத்தைப் பார்த்துப் பக்கம் ஆக்கப்படுகிறது. இன்னொரு வகை கட்டுச்சோறு. காலையிலேயே ஆக்கி, இலையில் கட்டி, அடுக்கி வைத்திருப்பார்கள். யார் கேட்டாலும் ஒரே பொட்டலம். இவ்வாறு எல்லாப் பக்கங்களையும் முன்னரே ஆக்கி வைத்திருக்கும் தளத்தை நிலைத்த தளம் என்கிறோம்.

செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990-91இல் இயக்கிய முதல் இணையதளம் நிலைத்த தளமே. நடுவில் தோசைக் கல் பெருகியது. பிறகு மென்பொருள் கையேடுகளை எழுதுவோர் மீண்டும் கட்டுச்சோற்றுக்கே திரும்பினர். கையேட்டைப் படிக்க வருவோர் அனைவர்க்கும் ஒரே பக்கம்தானே வேண்டும்? ஒவ்வொருவர்க்கும் தனித்தனியாக ஏன் ஆக்க வேண்டும்? இதற்கென்றே ஜெக்கில் 2008இலும், ஹியூகோ 2013இலும் தோன்றின. குபர்னெட்டிஸ் என்னும் பெரிய மென்பொருளின் தளம் ஹியூகோவால் ஆக்கப்படுகிறது. பைத்தான் கையேட்டை ஆக்கும் கருவியின் பெயர் ஸ்ஃபிங்ஸ்.

ஸ்ஃபிங்ஸின் கதை சுவையானது. பைத்தான் மொழியைக் கீடோ வான் ரோசம் 1991இல் வெளியிட்டார். அதன் கையேடு பல ஆண்டுகள் லேடெக் என்னும் அச்சுக்கோப்பு மொழியில் எழுதப்பட்டு வந்தது. கணித நூலுக்கு லேடெக் மிகச் சிறந்தது. ஆனால் அது தெரியாதவர் கையேட்டில் ஒரு வரியைத் திருத்தவும் தயங்குவார். கியோர்க் பிராண்டல் என்பவர் இந்தக் கையேட்டிற்காகவே ஸ்ஃபிங்ஸை உருவாக்கினார். 2008 அக்டோபரில் வந்த பைத்தான் 2.6இன் கையேடு இப்புதிய முறையில் ஆக்கப்பட்டது. ஒரு கையேட்டிற்காகப் பிறந்த கருவி பின்னர் ஊருக்கெல்லாம் பயன்பட்டது. லினக்ஸ் கருநிரலின் ஆவணங்களும் 2016 முதல் ஸ்ஃபிங்ஸுக்கு மாறத் தொடங்கின.

மூலம் எப்படி இருக்கும்?

கையேட்டின் மூலம் வெறும் எழுத்துக் கோப்புகள். நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். தலைப்பை எழுதி அதன் அடியில் சமக்குறிகளை வரிசையாக அடித்தால் அது தலைப்பு. ஒரு சொல்லின் இருபுறமும் இவ்விரண்டு நட்சத்திரக் குறிகள் இட்டால் தடித்த எழுத்து. பத்திக்கும் பத்திக்கும் இடையே ஒரு வெற்று வரி. இதில் பாதியை ஒரு மாலைப் பொழுதில் கற்றுவிடலாம்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது இணைப்புகளை எழுதும் முறை. பிரிண்ட் என்ற செயற்கூற்றைப் பற்றி எங்கேனும் எழுதும்போது, அதன் விளக்கம் எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் உள்ளது என்று நாம் சொல்லத் தேவையில்லை. இது ஒரு செயற்கூறு, இதன் பெயர் பிரிண்ட் என்று மட்டும் குறித்தால் போதும். ஸ்ஃபிங்ஸ் தேடிக் கண்டுபிடித்து இணைப்பைத் தானே போட்டுவிடும். விளக்கத்தை நாளை வேறு கோப்பிற்கு மாற்றினாலும் இணைப்பு அறுந்துபோகாது.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, இந்தக் கோப்புகள் இருக்குமிடம். பைத்தான் மொழியின் சி நிரல்கள் எந்தக் களஞ்சியத்தில் உள்ளனவோ, அதே களஞ்சியத்தில் ‘டாக்’ என்ற ஃபோல்டரில் கையேடு இருக்கிறது. இது தற்செயலாக அமைந்ததன்று. மொழியில் ஒரு மாற்றம் செய்பவர், அம்மாற்றத்தோடு சேர்த்தே கையேட்டின் பத்தியையும் திருத்தி அனுப்ப முடிகிறது. நிரல் ஓரிடத்திலும் விளக்கம் வேறிடத்திலும் இருந்தால் விளக்கம் எப்பொழுதும் பின்தங்கும். நாம் ரெக்கார்டு நோட்டுப் புத்தகத்தைப் பருவத்தின் கடைசி வாரத்தில் எழுதுவதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

கட்டும் முறை

முதலில் மூலத்தை நம் கணிப்பொறிக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு கிட் என்னும் கருவி. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் இதனை எழுதினார். கிட் குளோன் என்ற கட்டளை களஞ்சியத்தின் முழு வரலாற்றையும் இறக்கும். பைத்தான் களஞ்சியத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் பதிவாகியுள்ளன. நம் டேட்டா அதற்குத் தாங்காது. ஆகவே அக்கட்டளையுடன் ‘டெப்த் 1’ என்ற குறிப்பைச் சேர்க்க வேண்டும். கடைசி நிலை மட்டும் வரும். இந்த ஒரு குறிப்பை அறிந்திருந்தால் ஒருநாள் டேட்டா மிச்சமாகும்.

அடுத்து, டெர்மினலில் டாக் ஃபோல்டருக்குள் சென்று ‘மேக் வென்வ்’ என்று தட்ட வேண்டும். மேக் என்பது மிகப் பழைய கருவி; 1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. எந்த வேலைக்கு எந்தக் கட்டளைகளை எந்த வரிசையில் இட வேண்டும் என்பது மேக்ஃபைல் என்ற கோப்பில் எழுதியிருக்கும். வென்வ் என்ற வேலை, இக்கையேட்டிற்கென்று தனியே ஒரு பைத்தான் சூழலை அமைத்து, அதில் ஸ்ஃபிங்ஸையும் கையேட்டின் தோற்றத்திற்கான கோப்புகளையும் நிறுவுகிறது. ஏன் தனிச் சூழல்? ஆய்வுக்கூடக் கணிப்பொறி பலருக்கும் பொது. நாம் நிறுவும் பதிப்பு இன்னொருவரின் நிரலைக் கெடுத்துவிடக் கூடாதல்லவா? தன் பாத்திரத்தில் தான் சமைப்பது போன்றது இது. இணையம் தேவைப்படுவது இவ்விரு படிகளுக்கு மட்டுமே. விண்டோஸ் வைத்திருப்போர் கவலைப்பட வேண்டாம். அதே ஃபோல்டரில் அவர்களுக்கென்று ‘மேக்’ என்ற பேட்ச் கோப்பு ஒன்று தரப்பட்டுள்ளது.

இனி ‘மேக் எச்டிஎம்எல்’. இதுதான் கட்டும் கட்டளை.

என் தந்தையார் கொத்தனார். நான் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு “இணையதளம் கட்டுறேன்பா” என்றபோது, “கட்டுறதுன்னா கல்லு எங்கடா, கலவை எங்கடா?” என்று கேட்டார். கேள்வி சரியானதே. எழுத்துக் கோப்புகள்தாம் செங்கல். ஸ்ஃபிங்ஸ் என்பது ஆள். தோற்றக் கோப்புகள் பூச்சும் வெள்ளையும். நாளைக்கு வேறு வண்ணம் அடிக்க வேண்டுமென்றால் செங்கல்லைத் தொட வேண்டியதில்லை. இதைச் சொன்னதும் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. “அப்ப வரைபடம்?” என்றார். அதற்கும் விடை இருந்தது. ‘கான்ஃப்’ என்ற ஒரு கோப்பு, தளத்தின் பெயர், பதிப்பு, மொழி, எந்தப் பூச்சு என்பதையெல்லாம் சொல்கிறது.

கட்டும்போது திரையில் வரிகள் ஓடும். அவற்றைப் பார்க்காமல் தேநீர் குடிக்கப் போய்விடுவோர் ஒரு நல்ல பாடத்தை இழக்கிறார்கள். ஸ்ஃபிங்ஸ் முதலில் எல்லா மூலக் கோப்புகளையும் படிக்கிறது. படித்ததை ஒரு மர வடிவில் வட்டில் சேமிக்கிறது. அதன் பின்னரே பக்கங்களை எழுதத் தொடங்குகிறது. ஏன் இரண்டு சுற்று? முதல் அத்தியாயம் இருபதாம் அத்தியாயத்தைச் சுட்டலாம். இருபதாவதைப் படிக்காத வரையில் அந்த இணைப்பு எங்கே போக வேண்டும் என்பது தெரியாது. முதற்சுற்றில் பெயர்களையும் இடங்களையும் அட்டவணையில் குறித்துக்கொண்டு, இரண்டாம் சுற்றில் இணைப்புகளை இடுகிறது. இருசுற்று அசெம்பிளரைப் பற்றி வகுப்பில் கேட்டவர்களுக்கு இது பழகிய முகமாகத் தோன்றும். அசெம்பிளரின் குறியீட்டு அட்டவணை செய்யும் அதே வேலைதான். தேர்வுக்காக மட்டுமே உள்ளது என்று நாம் எண்ணியிருந்த ஒரு பாடம், நம் திரையில் வரிவரியாக ஓடுவதைக் காண்பது தனி இன்பம்.

நாம் எழுதிய இணைப்பிற்கு உரிய இடம் அகப்படாவிட்டால் எந்தக் கோப்பு, எந்த வரி என்று எச்சரிக்கை வரும். அச்சகத்தில் புரூஃப் திருத்துபவர் தாளின் ஓரத்தில் கோடிட்டு அனுப்புவது போல.

என்னிடமுள்ளது சீனியர் ஒருவரிடம் வாங்கிய பழைய லேப்டாப். முதன்முறை கட்டி முடிக்கப் பத்து நிமிடத்திற்கு மேல் ஆயிற்று. ஒரு கோப்பில் ஒரு வரியை மாற்றிவிட்டு மறுமுறை கட்டினால் அவ்வளவு நேரம் ஆவதில்லை. சேமித்து வைத்த மரங்களோடு ஒப்பிட்டு, மாறிய கோப்பையும் அதனால் பாதிக்கப்பட்ட பக்கங்களையும் மட்டுமே ஸ்ஃபிங்ஸ் மீண்டும் எழுதுகிறது.

இயக்கும் முறை

கட்டி முடித்ததும் ‘பில்டு’ என்ற ஃபோல்டருக்குள் ‘எச்டிஎம்எல்’ என்ற ஃபோல்டர் இருக்கும். அதுதான் இணையதளம். முழுவதும் அதுதான்! அதிலுள்ள ‘இண்டெக்ஸ்’ கோப்பை இருமுறை சொடுக்கினாலே கையேட்டின் முகப்பு திறக்கும். ஆனால் பிரவுசர்கள், வட்டிலிருந்து நேரே திறக்கும் பக்கங்களுக்குச் சில கட்டுப்பாடுகளை வைத்துள்ளன. உண்மையான தளம் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க வேண்டுமானால் ஒரு சர்வர் வேண்டும். அதற்காக எங்கும் அலைய வேண்டாம். பைத்தானோடு கூடவே ஒரு சிறு சர்வர் வருகிறது. அந்த ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு, பைத்தானை ‘எச்டிடிபி டாட் சர்வர்’ என்ற மாட்யூலுடன் இயக்கி, 8000 என்ற போர்ட் எண்ணைத் தர வேண்டும். பிரவுசரில் 127.0.0.1 என்று எழுதி, முக்காற்புள்ளியிட்டு 8000 என்று தட்டினால் தளம் வந்து நிற்கும்.

127.0.0.1 என்பது எந்தக் கணிப்பொறியிலும் ‘நானே’ என்று பொருள்படும் முகவரி. அதற்கு அனுப்பும் செய்தி கம்பிக்கும் போவதில்லை, காற்றிலும் போவதில்லை. கணிப்பொறிக்குள்ளேயே திரும்பி வருகிறது. கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள், தளம் ஓடும். ஜெக்கில் இவ்வாறே 4000ஆம் போர்ட்டிலும், ஹியூகோ 1313ஆம் போர்ட்டிலும் தம் தளங்களைக் காட்டும்.

டெர்மினலில் ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு வரியாகப் பதிவாகும். 200 என்றால் கொடுத்தாயிற்று. 404 என்றால் அப்படியொரு கோப்பு இல்லை. 304 என்றால் உன்னிடமுள்ள பழைய பிரதியே போதும், மாறவில்லை என்று பொருள். பாடப்புத்தகத்தில் அட்டவணையாக மனப்பாடம் செய்யும் எண்கள் இங்கே நம் ஒவ்வொரு சொடுக்குக்கும் உயிரோடு வருகின்றன.

கையேட்டில் தேடும் வசதியும் உண்டு. சர்வரில் எந்த நிரலும் இயங்காத நிலைத்த தளத்தில் தேடல் எப்படி நடக்கிறது என்று கேட்கலாம். கட்டும்போதே எல்லாச் சொற்களுக்கும் ஓர் அகராதி தயாரிக்கப்பட்டு, ஜாவாஸ்கிரிப்ட் கோப்பாக வைக்கப்படுகிறது. தேடுவது நம் பிரவுசர். சர்வர் அதை எடுத்துக் கொடுப்பதோடு சரி.

ஒருவர் கட்டி நாற்பதுபேர் படிப்பது

இந்தச் சிறு சர்வர் வேறொன்றும் சொல்லப்படாத வரையில், தன் கணிப்பொறிக்கு வரும் எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்திருக்கும். அதாவது ஆய்வுக்கூடத்தில் ஒரே ஸ்விட்சில் இணைந்துள்ள மற்றக் கணிப்பொறிகளும், நம் கணிப்பொறியின் ஐ.பி. முகவரியைத் தட்டி அதே தளத்தைப் படிக்கலாம். வெளி இணையம் அறுந்து கிடக்கும் நாளிலும் உள்ளே இருக்கும் கம்பிகள் வேலை செய்துகொண்டுதானே இருக்கின்றன! எங்கள் ஆய்வுக்கூடப் பொறுப்பாளரின் இசைவு பெற்று, ஒரு பிற்பகல் இதைச் செய்து பார்த்தோம். ஒரு கணிப்பொறியில் கட்டினோம். மூன்று வரிசைகளிலும் திறந்தது. டிக்ஷ்னரியை வரிசைப்படுத்துவது எப்படி என்று முன்வரிசையில் ஒருவர் தேட, பின்வரிசையில் ஒருவர் ‘டிரை - எக்ஸப்ட்’ அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருந்தார். பைத்தான் 3.7 முதல் இந்தச் சர்வர் பல கோரிக்கைகளை ஒரே நேரத்தில் ஏற்கும்படி அமைக்கப்பட்டுள்ளதால் வரிசையில் காத்திருக்கவும் நேரவில்லை.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று, எந்த ஃபோல்டரில் நின்று சர்வரை இயக்குகிறோமோ அதிலுள்ள அனைத்தும் பிறர் கண்ணுக்குத் தெரியும். சொந்தக் கோப்புகள் உள்ள இடத்தில் நின்று இயக்கக் கூடாது. தான் மட்டும் பார்க்க வேண்டுமானால் ‘பைண்ட்’ என்ற குறிப்புடன் 127.0.0.1 என்று சேர்த்துக் கட்டளையிட வேண்டும். இரண்டாவது, இந்தச் சர்வர் ஊருக்குப் பொதுவான தளம் நடத்தத் தக்கதன்று; பாதுகாப்புச் சோதனைகள் இதில் போதா என்று பைத்தான் கையேடே சொல்கிறது. வேலை முடிந்ததும் கண்ட்ரோலையும் சி எழுத்தையும் சேர்த்து அழுத்தி நிறுத்திவிடுவது நல்லது.

படிப்பதற்கு மட்டும்தான் என்றால் இவ்வளவு பாடு எதற்கு, ஆயத்தமான கையேட்டை ஒரே கட்டாக இறக்கிக்கொள்ளலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். உண்மைதான். பைத்தான் தளமே அத்தகைய கட்டைத் தருகிறது. படிப்பவர்க்கு அது போதும். ஆனால் திருத்த விரும்புகிறவர்க்குப் போதாது. ஆக்கிய சோற்றில் உப்பைக் கலக்க முடியாது. உலையில்தான் போட வேண்டும். ஒரு விளக்கம் தெளிவாக இல்லை, ஓர் எடுத்துக்காட்டு சேர்த்தால் நலம் என்று தோன்றினால் மூலக் கோப்பில் எழுதி, நம் கணிப்பொறியில் கட்டி, பக்கம் சரியாக வருகிறதா என்று கண்ணால் பார்த்து, ‘மேக் செக்’ என்ற கட்டளையால் எழுத்துப்பிழை அல்லாத குறியீட்டுப் பிழைகளைச் சோதித்து, அதன் பின்னரே அனுப்ப வேண்டும். ‘மேக் எச்டிஎம்எல்லைவ்’ என்ற இன்னொரு கட்டளை, நாம் கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் தானே மீண்டும் கட்டிப் பிரவுசரையும் புதுப்பித்துவிடும். எழுதுவதும் பார்ப்பதும் ஒருசேர நடக்கும்.

எங்கோ பெரியவர்கள் எழுதி முடித்துவிட்ட நூல் என்று நாம் கருதும் ஒன்று, உள்ளே போய்ப் பார்த்தால் நோட்பேடில் திறக்கும் எழுத்துக் கோப்பாக இருக்கிறது. அதில் பிழை கண்டவர் மாணவரா பேராசிரியரா என்று அங்கே எவரும் கேட்பதில்லை. திருத்தம் சரியா என்றுதான் பார்க்கிறார்கள்.

தமிழில் ஒரு பக்கம்

கடைசியாக ஒன்று. கையேட்டை மொழிபெயர்ப்பதற்கான முறையைப் பைத்தான் அமைப்பார் 2017இல் ஏற்றுக்கொண்டனர். அதற்கிணங்க ஜப்பானிய, பிரெஞ்சு, கொரிய மொழிகளில் கையேடு வெளியாகியுள்ளது. மூலத்தைத் தொடாமலே இது நடக்கிறது. ஒவ்வொரு பத்தியும் ஒரு கோப்பில் மூலமும் அதன் கீழ் மொழிபெயர்ப்பும் என்று இணையிணையாக எழுதப்படும். கட்டும்போது மொழியைக் குறிப்பிட்டால், மொழிபெயர்ப்பு உள்ள பத்தி அம்மொழியிலும், இல்லாத பத்தி ஆங்கிலத்திலுமாகப் பக்கம் எழும். மூலப் பத்தி பின்னாளில் மாறினால், அதற்குரிய மொழிபெயர்ப்பு ஐயத்துக்குரியது என்று தானாகவே குறிக்கப்படும். ஆகவே முழு நூலையும் முடித்த பின்னரே கட்ட வேண்டும் என்பதில்லை. ஒரே ஒரு பத்தியோடும் தொடங்கலாம்.

விடுமுறையில் நானும் விடுதி நண்பர் இருவரும் பயிற்சி நூலின் முதல் அத்தியாயத்தில் நான்கு பத்திகளைத் தமிழில் எழுதிக் கட்டிப் பார்த்தோம். எளிதாக வந்தவை உண்டு, அடம்பிடித்தவையும் உண்டு. ‘ஃபங்ஷன்’ என்பதற்குக் கணிதத்துறையினர் சார்பு என்கிறார்கள், நம் துறையினர் செயற்கூறு என்கிறார்கள். ‘ஸ்கிரிப்ட்’ என்பதை என்ன செய்வது என்று மூவருக்கும் மூன்று கருத்து. தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவரிடம் காட்டியதில், சொல்லை விடுங்கள், வாக்கியத்தை முதலில் தமிழாக்குங்கள் என்று இரண்டு பத்திகளைத் திருத்தித் தந்தார். அத்திருத்தத்தைச் சேர்த்து மீண்டும் கட்டினோம். நான்கு பத்தி தமிழிலும் ஐந்தாவது முதல் ஆங்கிலத்திலுமாக அப்பக்கம் இப்பொழுது ஆய்வுக்கூடத்தின் ஏழாம் எண் கணிப்பொறியில் இருக்கிறது. மூலமும் கட்டிய தளமும் ஒரே ஃபோல்டரில் உள்ளன. ஐந்தாவது பத்தியில் கைவைக்க விரும்பும் நண்பர்கள் எந்த மதிய இடைவேளையிலும் ஒரு பென்டிரைவுடன் வரலாம்.